மீசை முளைக்கும் வரை

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பிரேக்கம்மா. வண்டி கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு உள்ளது போக, பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருந்தது. மற்ற ஆசிரியர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். இவள் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலே மிதிப்பாள். தெருமுனையில் படுத்திருக்கும் நாய் தூக்கத்தில் காதை அசைத்தாலும் வண்டி நின்றுவிடும். "மேடம், நான்தானே ஓட்டுறேன்?" என்று யாராவது நொந்துபோய்க் கேட்டால், "நீங்கதான் ஓட்டுறீங்க. நான் நிறுத்துறேன், அவ்வளவுதான்" என்பாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் பஞ்சு இருந்தான்.

பஞ்சு அவளுடைய ஒரே பிள்ளை. அவன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் கட்டில் முனை, மேசை முனை, கதவு விளிம்பு என்று கண்ணில் பட்ட கூர்மை எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தாள். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் விடுப்பில் வந்தபோது, வாசலிலேயே நின்று, "இது வீடா, மெத்தைக் கடையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பையனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பஞ்சுவுக்கு ரத்தம் உறையாது. அடிபட்ட இடத்தில் ரத்தத்தைக் கட்டி நிறுத்த உடம்பில் வரிசையாகச் சில நொதிகள் வேலை செய்யும். கல்லீரல்தான் அவற்றைச் செய்து ரத்தத்தில் அனுப்பும். அவற்றில் ஒன்று, டாக்டர்கள் ஃபேக்டர் ஒன்பது என்று சொல்வது, அவனுக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. வெளியே தெரிகிற காயம்கூடப் பரவாயில்லை, அமுக்கிப் பிடிக்கலாம். எங்கேயோ லேசாக இடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே மூட்டில் கசிகிற ரத்தம்தான் பொல்லாதது. முழங்கால் பந்து போல வீங்கி, பையன் நடக்க முடியாமல் கிடப்பான். அந்த நொதியை மருந்தாக அடைத்து விற்கிறார்கள். நரம்பைத் தேடி ஊசி குத்தி அதை ஏற்ற அவளே கற்றுக்கொண்டாள். "ஆயுசு முழுக்க இப்படித்தான் பாத்துக்கணும்" என்று முதலில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்.

இந்த நோய் அவளுக்குப் புதிது அல்ல. அவள் வீட்டுக்கு மூத்தவள். அவளுக்கு அடுத்து இரண்டு தம்பிகள். இரண்டு பேருக்குமே ரத்தம் சட்டென்று நிற்காது. அந்தக் காலத்தில் அதற்கு அங்கே யாரும் பெயர் சொல்லவில்லை, உடம்புவாகு என்று விட்டுவிட்டார்கள். பெரிய தம்பி பதினோரு வயதில் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனான். சின்ன தம்பி மட்டும் மூக்கில் ரத்தம் ஒழுகி ஒழுகியே வளர்ந்தான். மீசை அரும்பிய வயதில் அது தானாகக் குறைந்து, பிறகு நின்றே போனது. இப்போது அவன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற வேலை. கையில் கீறல் விழாத நாள் கிடையாது. கீறினால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுப்பான்.

"பயப்படாதடா மருமகனே, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மீசை வந்ததும் ஓடிப்போச்சு" என்று அவன் பஞ்சுவிடம் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். டாக்டர் ஒன்று சொல்கிறார், இவன் ஒன்று சொல்கிறான். பொய் நம்பிக்கை கொடுத்துப் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறானே என்று நினைப்பாள்.

பஞ்சுவுக்குப் பத்து வயதானபோது அவள் பயந்தது நடந்தது. அவள் வேலைக்குப் போன நேரத்தில் தம்பி வந்து பையனைக் கூட்டிக்கொண்டுபோய் சைக்கிள் கற்றுக்கொடுத்தான். பையன் நன்றாகவே ஓட்டினான், கடைசித் திருப்பத்தில் விழும்வரை. முழங்காலும் இடுப்பும் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், போகிற வருகிற ஆட்கள் முன்னால், அவள் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"படிக்கட்டுல துரத்தி ஒருத்தனை அனுப்பி வெச்சது போதாதா உனக்கு?"

பெரிய தம்பி விழுந்த அன்று இந்தச் சின்னவன்தான் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினான். எட்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று அவள் சொன்னாள். தம்பி அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான். அதன் பிறகு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் அப்படியே போனது.

ஆஸ்பத்திரியின் ரத்த நோய்ப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தாள். இளம்பெண். பேசும்போது பையனைப் பார்த்துப் பேசினாள், அதுவே அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பிடித்துப்போனது. பஞ்சுவின் ஜீனில் கோளாறு எங்கே என்று பழைய பரிசோதனையில் கண்டுபிடிக்கவில்லை என்பது அந்த டாக்டருக்கு உறுத்தலாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்தாள்.

"அந்த நொதியை எப்படிச் செய்யணும்னு ஜீன்ல எழுதியிருக்கிற இடத்துல ஒரு பிழைகூட இல்லம்மா. அதனாலதான் முன்னாடி ஒண்ணும் கிடைக்கல. அதுக்கு முன்னால, 'ஆரம்பி'ன்னு உத்தரவு குடுக்கிற இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

"புரியல டாக்டர்."

"உடம்புல எல்லா இடத்துலயும் இதே எழுத்துதான் இருக்கு. தோல்லயும் இருக்கு, கண்ணுலயும் இருக்கு. ஆனா கல்லீரல்தான் அதைப் படிச்சுச் செய்யுது. ஏன்னா 'ஆரம்பி'ன்னு சொல்ற ஆளுங்க அங்கதான் கூட்டமா இருக்காங்க. அந்த ஆள் வந்து அந்த இடத்துல உக்காந்தாதான் வேலை நடக்கும். இவனுக்கு அந்த எழுத்து மாறினதால வந்தவருக்கு உக்கார இடம் சரியில்ல. வர்றாரு, நிக்குறாரு, போயிடுறாரு."

பஞ்சு சிரித்துவிட்டான்.

"இந்த மாதிரி சில பேருக்கு வயசுக்கு வரும்போது நிலைமை மாறும். ஆண் ஹார்மோன் ஏறும் இல்லையா, அது மூலமா வேற ஒரு ஆள் வந்து பக்கத்து இடத்துல உக்காந்து அதே வேலைய ஆரம்பிச்சு வைப்பாரு. அப்புறம் அந்த நொதி தானா ஊற ஆரம்பிக்கும்."

அம்மா அதைத் தன் வண்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. செல்ஃப்தான் எடுக்கல. தள்ளிவிட ஆள் வந்தா ஓடும். அப்படித்தானே?"

"அதேதான்!" டாக்டர் மேசையைத் தட்டினாள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா எல்லாருக்கும் அப்படி ஆகாதும்மா. சில குடும்பத்துல அந்த ஒரு எழுத்து, ரெண்டு ஆளுக்குமே இடமில்லாமப் பண்ணிடும். அவங்களுக்கு எவ்வளவு வளர்ந்தாலும் மாறாது. உங்க பையனுக்கு மாறியிருக்கிற எழுத்தை இதுவரைக்கும் யாரும் எழுதி வெச்சதா எனக்குத் தெரியல. இவன் எந்தப் பக்கம்னு இப்போ என்னால சொல்ல முடியாது. உங்க பிறந்த வீட்டுல, சின்ன வயசுல ரத்தம் நிக்காம இருந்து, பெரியவனானதும் சரியாப்போன ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு சொன்னான்: "மாமா."

கண்ணாடிக் கடைக்குப் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது. ஆளுயரக் கண்ணாடிகள் சுவரில் சாய்ந்து நின்றன. கம்பளி விரித்த பெரிய மேசைமேல் தம்பி குனிந்து, ஒரு கண்ணாடியின் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கோட்டை முடித்து, விளிம்பைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். கண்ணாடி சுத்தமாக இரண்டானது.

"பஞ்சுவுக்கு என்ன?" என்றான்.

"நல்லா இருக்கான்."

"அப்போ சரி." அடுத்த கண்ணாடியை எடுக்கப் போனான்.

அவள் நின்றபடியே சொன்னாள். டாக்டர் சொன்னது, எழுத்து மாறியது, உட்கார இடமில்லாத ஆள், எல்லாம் முன்னும் பின்னுமாக. அவன் கண்ணாடியைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மூணு வருஷமா உனக்குத் தம்பி வேணாம். இப்போ தம்பியோட ரத்தம் மட்டும் வேணும்."

"ஆமா" என்றாள் அவள்.

அவன் எதிர்பார்த்தது அந்தப் பதிலை அல்ல. முறைத்துப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவனுக்கு அவனை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"உன்கிட்ட எனக்குப் பொய் வராதுடா. வாய் தவறி வர்றதெல்லாம் அதைவிட மோசமாத்தான் வருது."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "வர்றேன். அவனுக்காக. ஆனா உன் வண்டியில வரமாட்டேன். நீ பிரேக் அடிக்கிற அடியில எனக்குக் குடல் வெளிய வந்துடும்."

ரத்தம் எடுத்த நர்ஸ் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சைத் தம்பி சட்டென்று எடுத்துப் போட்டான். ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். பஞ்சு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு வரும்வரை அவள் வண்டியில் ஏறியவர்கள் பாடு திண்டாட்டம்தான். இலை விழுந்தால்கூட பிரேக். முடிவு வந்த அன்று மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அதே எழுத்துதான்" என்றாள் டாக்டர். "மாமாவுக்கும் அதே இடத்துல அதே மாற்றம். ஆனா அவர் ரத்தத்துல அந்த நொதி, நமக்கெல்லாம் இருக்கிறதுல பாதிக்குமேல இருக்கு. சாதாரண வாழ்க்கைக்கு அது தாராளம். இவர் சின்ன வயசுல எப்படி இருந்தாருன்னு நீங்க சொன்னதையும் சேர்த்துப் பாத்தா, அது வளரும்போது ஏறினதுதான். பஞ்சு, உனக்கும் ஏறும்னுதான் நான் நினைக்கிறேன்."

பஞ்சு மாமாவின் தோளில் குத்தினான். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தம்பி மட்டும் அசையவில்லை.

"டாக்டர், எங்க அண்ணன் ஒருத்தன் இருந்தான். பதினோரு வயசுல போயிட்டான். அவனுக்கும் இதேதானா?"

டாக்டர் கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள். "பரிசோதனை பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஒரே வீடு, ஒரே மாதிரி ரத்தம் நிக்காம இருந்திருக்கு. அநேகமா இதேதான்."

"அப்போ இன்னும் ரெண்டு மூணு வருஷம் அவன் தாண்டியிருந்தா…"

"ஆமாங்க" என்றாள் டாக்டர் மெதுவாக. "தாண்டியிருக்கலாம்."

பஞ்சு ஊசி மருந்து வாங்க உள்ளே நின்றான். அக்காவும் தம்பியும் வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தார்கள். நடந்துகொண்டே இருந்தவன் அவள் வண்டியின்மேல் கையை ஊன்றி நின்றான். தோள் குலுங்கியது. நாற்பதை நெருங்கும் ஆள், வாயைப் பொத்திக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதான். அவள் கிட்டே போனாள். அவன் முதுகில் கையை வைத்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது…"

"நீ சொன்னது புதுசு இல்லக்கா. எட்டு வயசுலேர்ந்து தினமும் நானே எனக்குச் சொல்லிக்கிட்டதுதான். உன் வாயால கேட்டதுதான் புதுசு."

"அவன் விழுந்த அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கன்னு அம்மா என்கிட்டதான் விட்டுட்டுப் போனாங்க. நான் பக்கத்து வீட்டுல உக்காந்து கதை பேசிட்டிருந்தேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்மேல தூக்கிப் போட்டுட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி. "நீ இல்லன்னுதானே நாங்க அவ்வளவு குஷியா ஓடினோம்."

இரண்டு பேரும் அழுகையோடு சிரித்தார்கள். பெரிய தம்பி படிக்கட்டில் ஒருநாளும் படிப்படியாக இறங்கமாட்டான், கைப்பிடியில் சறுக்கித்தான் வருவான் என்று இவன் சொன்னான். விழுந்து எழுந்ததும் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவான் என்று அவள் சொன்னாள். அவனைப் பற்றி அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பஞ்சு மருந்துப் பையோடு வந்து, "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்கும்வரை பேசினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருடைய கண்ணும் பஞ்சுவின் மேலுதட்டில்தான். சோறு போடும்போது அவள் குனிந்து பார்ப்பாள். கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிடும் அப்பா, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாடா" என்பார். மாமா வந்ததும் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் பாலைவனம்தான்" என்று தீர்ப்புச் சொல்வான்.

"என் மூஞ்சி என்ன பொருட்காட்சியா?" என்று பையன் கத்தினான். "யாரும் என்னைப் பாக்காதீங்க!"

பாவம், அவனுக்கு அவசரம் அவர்களைவிட அதிகம். வகுப்பில் மற்ற பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்துவிட்டது, இவன் குரல் மட்டும் மணி அடித்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவன் ஒரு காரியம் செய்தான். எப்படியும் சரியாகப்போகிறதுதானே என்று, இப்போது தானே போட்டுக்கொள்ளும் ஊசியைப் போடாமலே போட்டதாகச் சொல்லிவிட்டு, பள்ளி மைதானத்தில் பந்து ஆடப் போய்விட்டான். ஒரு மோதல். வலது முழங்கை உள்ளுக்குள் கசிந்து வீங்கி, மடக்க முடியாமல் மரக்கட்டை ஆனது.

ஆஸ்பத்திரியில் அவள் வாயே திறக்கவில்லை. வாய் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயம். சத்தம் போட்டது மாமாதான்.

"உனக்கு அறிவிருக்கா? மருந்து போடாம ஆடுறியா?"

"நீங்கதானே மாமா சைக்கிள் ஓட்டக் கூட்டிட்டுப் போனீங்க? மீசை வந்ததும் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மீசை வந்ததும்னுதானேடா சொன்னேன்! அன்னைக்கு நான் பண்ணினது முட்டாள்தனம். உங்கம்மா திட்டினதுல பாதி நியாயம். மீதிப் பாதிய நாங்க பேசித் தீர்த்துக்கிட்டோம், அது உனக்கு வேணாம்." கட்டிலில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். "கேளுடா. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ரெண்டு மூணு வருஷம்தான். அது அவனுக்குக் கிடைக்கல. உனக்குக் கிடைக்குது. மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க, பிரேக் அடிக்க உங்கம்மா இருக்கா. அந்தக் காலத்தைப் பத்திரமாத் தாண்டு. அப்புறம் நீ மலை ஏறினாலும் நான் கேக்கமாட்டேன்."

பஞ்சு தலையை ஆட்டினான். வீங்காத கையால் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கூடப் பிறந்தவன் தன் பக்கம் நின்று பேசிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பையனின் குரல் உடைந்தது அடுத்த மழைக்காலத்தில். அதை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். போனில் பேசியவர், "மச்சான், பஞ்சுகிட்ட குடு" என்றார். "அப்பா, நான்தான் பேசுறேன்" என்றது தகரத்தை இழுப்பதுபோல ஒரு குரல். கடலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. எஞ்சின் அறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னாராம்.

பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் அந்த நொதியின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் ஊசியை முதலில் குறைத்தாள். பிறகு நிறுத்திப் பார்ப்போம் என்றாள். அடி பலமாகப் பட்டாலோ ஆபரேஷன் என்றாலோ மட்டும் வந்தால் போதும் என்றாள். அவனுக்குப் பிறக்கும் பையன்களுக்கு இது வராது, பெண்ணுக்குப் போகும், அதை மட்டும் மறக்கவேண்டாம் என்றாள். "எனக்கே இப்போதான் டாக்டர் மீசை வருது" என்று பஞ்சு வெட்கப்பட்டான்.

பையனின் உடம்பு கற்றுக்கொண்டதை அம்மாவின் உடம்பு கற்றுக்கொள்ள இன்னும் நாள் பிடித்தது. பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் இன்னமும் ஓடினாள். அவன் குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அவன் நேரம் கழித்து வந்தான். தலையெல்லாம் புழுதி. புதுச் சட்டை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்து தொங்கியது. பக்கத்து வீட்டு மதில் என்றோ, நண்பன் சைக்கிள் என்றோ ஏதோ ஆரம்பித்தான். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"போன வாரம் எடுத்த சட்டைடா! போட்டு ரெண்டாவது தடவை! கடையில அவ்வளவு நேரம் நின்னு பாத்துப் பாத்து எடுத்தேன். உனக்குச் சட்டை எடுக்கிறதும் ஒண்ணு, கந்தல் துணிய எடுக்கிறதும் ஒண்ணு. கழட்டு முதல்ல, தைக்க முடியுமான்னு பாக்கிறேன்."

அவன் கழற்றிக் கொடுத்தான். முழங்கையில் தோல் உரிந்து, மேலே ரத்தம் காய்ந்து கறுத்துப் பொருக்கு கட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"போய்க் கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்றாள். "சட்டைன்னா இன்னொண்ணு எடுக்கலாம், கை இன்னொண்ணு கிடைக்காது, அதுக்குத்தான் சொல்றேன்."